தராசைப் பிடித்திருக்கும் கை

திருவொற்றியூரில் நம் தம்பிகள் நடத்துகிற வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் நம்ம ஆள்தான். பூணூல்காரர் இல்லை. பார்ப்பனியத்தைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, 'நமக்கென்று ஒரு ஞானமரபு இருக்கிறது தோழர்களே, அது சித்தர் மரபு' என்று ஆரம்பித்தார். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. ஒருபக்கம் சூரியன், மறுபக்கம் சந்திரன். பிங்கலை, இடகலை. சிவன், சக்தி. வலம், இடம். அண்டத்தில் இருப்பதே பிண்டத்தில். பிரபஞ்சமே ஒரு தராசு, ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு ஏறும், இறங்கியது ஏறியே தீரும். சாதி என்பதும் இந்தச் சமநிலை குலைந்ததால் வந்த நோய்தான், உள்ளே மூச்சைச் சமன் செய்தால் வெளியே சமூகமும் சமனாகும் என்பதாக முடித்தார்.

பையன்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் டீ கொடுக்க வந்த அக்கா ஒருவர் நின்றிருந்தார். காசிமேட்டில் மீன் விற்றவர். அவர் கேட்டார்: 'தராசெல்லாம் சரி நைனா. அத்த யாரு கைல புட்ச்சினு கீறாங்கோ?'

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாததால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எதிரியின் கூடாரத்திலிருந்து இந்தச் சமநிலைப் பேச்சு வந்திருந்தால் கவலையில்லை, பதில் நமக்கு மனப்பாடம். நம்முடையது என்கிற முகவரியோடு அது வருவதுதான் சிக்கல். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவரின் கையில் ஓலைச்சுவடியும் இருந்தது, மருந்துக் குப்பியும் இருந்தது. பறைச்சிக்கும் பனத்திக்கும் உடம்பில் என்ன வேறுபாடு என்று கேட்ட சிவவாக்கியரை நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பட்டினத்தார் சமாதி இதே திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது, எங்கள் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். ஆக, தூக்கி எறியச் சொல்லவில்லை. கலகக்காரர்களின் கேள்வியை விட்டுவிட்டு, அவர்கள் பேரில் விற்கப்படும் கட்டத்தையும் வட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் நம்ம கடலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது ரகசிய ஞானம் இல்லை. கண் உள்ள எவரும் பார்க்கலாம்.

சென்னைக் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வாடைக்காற்று மாசங்களில் கொஞ்சம் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் மணலின் போக்கு வடக்குதான். போவதும் வருவதும் ஒன்றுக்கொன்று சரி என்று கடல் எந்தக் காலத்திலும் எழுதிக்கொடுக்கவில்லை. இந்த மணலோட்டத்துக்குக் குறுக்கே வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கட்டினான். 1870களின் நடுவில் தொடங்கி, 1881இல் முடியும் தறுவாயில் புயல் அடித்து உடைத்து, மறுபடி கட்டினான். அதோடு தெற்கே மணல் தேங்க ஆரம்பித்தது. இன்றைக்கு உலகமே வியக்கிற அகலமான மெரினா மணலில் பெரும்பகுதி அந்தச் சுவருக்குப் பிறகு சேர்ந்தது. வடக்கே மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டியும் கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, குப்பங்கள் பின்னால் நகர்ந்தன, வலை உலர்த்துகிற மணல் போய்ப் பாறாங்கல் வந்தது. இப்போது வடசென்னைக் கரை என்றால் கொட்டி வைத்த கருங்கல்தான்.

சமநிலைக்காரரைக் கூட்டிவந்து இதைக் காட்டினால் என்ன சொல்வார்? 'பார்த்தீர்களா, இங்கே எடுத்ததை அங்கே கொடுத்திருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது' என்பார். கணக்கு நேர்தான், மணல் எங்கும் காணாமல் போகவில்லை. ஆனால் கொடுத்தவன் ராயபுரத்துக்காரன், காற்று வாங்க உட்கார்ந்தவன் வேறு ஒருவன். இரண்டு பேரையும் ஒரே உடம்பின் இரண்டு பாதி என்று வைத்துக்கொண்டால்தான் இதற்குச் சமநிலை என்று பேர் வைக்க முடியும். அந்த ஒரே உடம்பு எங்கே இருக்கிறது? யார் வரைந்தது? 'முழுமை' என்று ஒன்றை முதலில் வரைந்துவிட்டால், அதற்குள் யார் வயிற்றில் அடித்தாலும் வேறு யார் வயிறோ நிறைந்து கணக்கு சரியாகிவிடும். இந்த வகை ஞானத்தின் முதல் சூழ்ச்சி இது. தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், தூக்கிப் பிடித்த கையைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்கள்.

கை என்றதும் நம் ஊரின் பழைய கதை ஒன்று சொல்லியாக வேண்டும். வலங்கை, இடங்கை. சோழர் காலக் கல்வெட்டிலிருந்து வெள்ளைக்காரன் காலம் வரை தமிழ்நாட்டுச் சாதிகளில் பலவும் இந்த இரண்டு கைக்குள் அடைக்கப்பட்டிருந்தன. வலங்கை 98, இடங்கை 98. எவ்வளவு அழகான சமச்சீர்! ஆனால் கிடைக்கிற பட்டியல்களை எடுத்து எண்ணிப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒத்துவராது. எண் முதலில் வந்துவிட்டது, ஆட்களைப் பிறகு தேடினார்கள். (பதினெண் சித்தர் கதையும் இதுதான். பதினெட்டு மாறாது, பட்டியலுக்குப் பட்டியல் பேர்கள் மாறும்.)

இந்த அழகான சமச்சீர் மதராஸில் என்ன செய்தது? கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரத்தில் 1652லேயே வலங்கைக்கும் இடங்கைக்கும் அடிதடி. 1707இல் மறுபடி. எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதற்கு மண்டை உடைந்தது. வலங்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கவர்னர் தாமஸ் பிட் தெருக்களைக் கைவாரியாகப் பிரித்துக் கொடுத்து அமைதி ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கும்பினியின் தராசு அது. சண்டை எதற்காக? கொடி, குடை, பந்தலின் கால், ஊர்வலத் தெரு. இந்த மரியாதைகளில் ஒன்றாவது பறையருக்கோ சக்கிலியருக்கோ வந்ததா? வரவில்லை. ஆனால் வலங்கைச் செட்டிக்காகத் தெருவில் இறங்கி அடித்தவர் பறையர். இடங்கைக்காகச் செருப்புத் தைக்கிற கையால் கம்பு எடுத்தவர் சக்கிலியர். நம்மை 'வலங்கை'யின் தோழர்கள் என்று பட்டம் சூட்டி, நம்மைப் போலவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன் மீது ஏவினார்கள். நாமும் போனோம். கூச்சப்படாமல் ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி இது. இரண்டு கையும் சமம் என்ற படத்துக்குள் இரண்டு பாதங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன.

அந்த மிதி முடிந்துவிட்டதா? 2009இல் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, 'தலித் ஒற்றுமையின் சமநிலை கெடுகிறது' என்று நம்மில் சிலரே பேசினோம். கரும்பலகையில் பார்த்த அதே சொல். தட்டில் கடைசியாக ஏறுகிறவனைப் பார்த்துத்தான் எப்போதும் இந்தச் சொல் வரும்.

அம்பேத்கர் சாதியைத் தராசாகப் பார்க்கவில்லை. படிக்கட்டாகப் பார்த்தார். படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தராசில் இரண்டு தட்டுதான், படிக்கட்டில் ஒவ்வொருவன் தலைக்கு மேலேயும் ஒரு கால், ஒவ்வொருவன் காலுக்குக் கீழேயும் ஒரு தலை. படிக்கட்டுக்கு நடுப்புள்ளி கண்டுபிடித்துச் சமன் செய்வது எப்படி என்று அந்தத் தம்பி கரும்பலகையில் வரைந்து காட்டட்டும்.

இப்போது வாஸ்து. இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் காலனிகளிலும் பஞ்சாங்கத்தோடு ஒரு ஆள் சுற்ற ஆரம்பித்துவிட்டார். வாஸ்து மண்டலம் என்பது ஒரு சதுரம். ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு கட்டம். பார்க்க அத்தனை ஒழுங்கு. அந்தச் சதுரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்தக் கதையே சொல்கிறது. ஒரு உடம்பு. குப்புறக் கிடக்கிறது. தலை வடகிழக்கில், கால் தென்மேற்கில். எழுந்துவிடாதபடி நாற்பத்தைந்து தேவர்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கை காலை மடக்கி அமுக்கினால்தான் உடம்பு சதுரத்துக்குள் அடங்கும். நம் ஆட்கள் வீடு கட்டப் பூசை போடும்போது யாரை நினைத்துக் கும்பிடுகிறார்கள் என்று யோசிக்கிறேன். மேலே உட்கார்ந்திருப்பவர்களையா, கீழே கிடப்பவனையா?

சதுரத்துக்குள் ஊர் எப்படி அமைந்தது? அர்த்தசாஸ்திரத்தின் நகர அமைப்பில் வடக்கு பிராமணனுக்கு, கிழக்கு க்ஷத்திரியனுக்கு, தெற்கு வைசியனுக்கு, மேற்கு சூத்திரனுக்கு. நாலு திக்கு, நாலு வருணம், ஓட்டை உடைசல் இல்லாத சமச்சீர். சண்டாளனுக்கு? சுடுகாட்டு ஓரம். மனுவும் ஐந்தாவது வருணம் கிடையாது என்று சொல்லிவிட்டு, சண்டாளன் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்கிறார். அதாவது இல்லாதவனுக்கு இடம் ஒதுக்குகிறார். நாலு பக்கமும் சரியாக வருவதற்காக ஐந்தாவது ஆளை வெளியே தள்ளியிருக்கிறார்கள். பஞ்சபூதம், பஞ்சாட்சரம், பஞ்சாமிர்தம் என்று ஐந்து வருகிற இடமெல்லாம் புனிதம். பஞ்சமன் மட்டும் தீட்டு.

நடைமுறைக்கு வருவோம். ஹவுசிங் போர்டு என்று நாம் பழக்கத்தில் சொல்கிற குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. 1970இல் வாரியம் வந்தது, 2021இல் அதன் பேர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பழைய பிளாக் ஒன்றில் நுழைந்து பாருங்கள். வடக்கு தெற்காக ஒரு நடை, நடைக்கு இரண்டு பக்கமும் வீடுகள். இந்தப் பக்கத்து வீடு கண்ணாடியில் தெரிவதுபோல் அந்தப் பக்கத்து வீடு. இந்த வரிசையில் அடுப்பு தென்கிழக்கில், அக்னி மூலையில், சாஸ்திரப்படி சரியாக இருந்தால், எதிர் வரிசையில் அது தென்மேற்கில், கன்னி மூலையில்தான் இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. அப்படியானால் பிளாக்கில் பாதிக் குடும்பம் உருப்பட வேண்டும், பாதி நாசமாக வேண்டும். எங்கள் பிளாக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு வரிசைக்கும் ஒரே தண்ணி லாரிதான், ஒரே ஒழுகல்தான், ஒரே இருமல்தான்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கட்டடம் நிஜமாகவே சமச்சீராக இருந்தபோது சாஸ்திரம் உடைந்துவிட்டது. காரணம், சாஸ்திரத்துக்குள் சமச்சீர் இல்லை. படம் சமச்சீர், சரக்கு ஏற்றத்தாழ்வு. ஈசானி மூலை உசத்தி, கன்னி மூலை வேறு. கிழக்கு மங்கலம், தெற்கு எமன் திசை. வலது கையால் கொடு, இடது கையால் கொடுக்காதே. அர்த்தநாரியில்கூட வலப்பாதி ஆணுக்கு, இடப்பாதி பெண்ணுக்கு. ஒருதடவையாவது மாற்றிப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம். இருமை எதிர்வு என்று கோட்பாட்டு நண்பர்கள் சொல்வது இதைத்தான். ஜோடி போடும்போதே ஒன்றை மேலே வைத்தாகிவிட்டது.

ஜாதகக் கட்டத்திலும் இதே வேலை. கடகம் சந்திரனுக்கு, சிம்மம் சூரியனுக்கு. அவற்றுக்கு இருபுறமும் புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி என்று ஆளுக்கு இரண்டு வீடு, கச்சிதமாக. நவக்கிரகம் ஒன்பதாயிற்றே, மிச்சம் இரண்டு? ராகுவுக்கும் கேதுவுக்கும் சொந்த வீடு கிடையாது. அடுத்தவன் வீட்டில் குடியிருக்க வேண்டியதுதான். குருவோடு ராகு சேர்ந்தால் அதற்கு வைத்திருக்கிற பேர் குரு சண்டாள யோகம். வானத்திலும் சேரி வைத்திருக்கிறார்கள். 1781இல் யுரேனஸையும் 1846இல் நெப்டியூனையும் கண்டுபிடித்தபோது அந்தக் கச்சிதமான பங்கீட்டில் இடம் இல்லாமல் போனதைப் பற்றிப் பஞ்சாங்கத்துக்காரருக்குக் கவலையில்லை.

சித்த வைத்தியத்துக்கு வருகிறேன். இதில் நான் வீட்டுச் சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்க நைனா துறைமுகத்தில் கரி வாருகிற கூலி. ரிஜிஸ்டரில் பேர் இல்லாத கூலி. வீட்டுக்கு வந்து மூக்கு சிந்தினால் கறுப்பாக வரும், துண்டு கறுப்பாகும், குளித்த தண்ணி கறுப்பாக ஓடும். நாற்பத்தைந்து வயசில் படி ஏற முடியவில்லை. ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். நல்ல மனுஷர், காசுகூட அதிகம் வாங்கவில்லை. வலது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடினார். 'வாதம் ஏறியிருக்கு, கபம் தங்கியிருக்கு, சமநிலை தவறியிருக்கு' என்றார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார், குளிர்ச்சியானதைத் தவிர்க்கச் சொன்னார், கோபத்தைக் குறைக்கச் சொன்னார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவே இல்லை. நைனா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி கரி வாரப் போனார். இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

வைத்தியரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இங்கிலீஷ் டாக்டரும் பீடியை விடச் சொன்னாரே தவிர வேலையைக் கேட்கவில்லை. அந்தச் சமநிலை என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அந்தச் சொல் வந்ததும் நோய் நைனாவுக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கப்பல் இல்லை, கரி இல்லை, கங்காணி இல்லை. பிண்டம் மட்டும் இருக்கிறது. அண்டத்தில் உள்ளது பிண்டத்தில் என்றால், அந்த நெஞ்சில் இருந்தது எந்த அண்டத்துக் கரி என்று கேட்க வேண்டாமா?

இதில் வேடிக்கை, சித்த மருத்துவத்தின் நாடிக் கணக்கே சமம் இல்லை. வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால். இதுதான் நல்ல உடம்பின் அளவு என்று அந்த மருத்துவம் சொல்கிறது. ஒன்றுக்கு அரை, அரைக்குக் கால். யாரும் அங்கே தராசு பிடிக்கவில்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு உடம்பு இரண்டு பாதியாக மடிகிற காகிதம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. ஈரல் ஒரு பக்கம், மண்ணீரல் மறுபக்கம். கரும்பலகையில் கோடு போட்ட தம்பி தன் சொந்த மரபையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

'புத்தர் சொன்ன நடுவழியும் சமநிலைதானே?' என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. உடம்பை வதைப்பதற்கும் இன்பத்தில் புரள்வதற்கும் நடுவே ஒரு வழி என்றார் புத்தர். அவை இரண்டும் ஒருவன் தனக்குத் தானே செய்துகொள்பவை. ஆண்டைக்கும் அடிமைக்கும் நடுவே வழி இருப்பதாக அவர் சொல்லவில்லை. சங்கத்துக்குள் வந்தவனிடம் ஆறுகள் கடலில் கலந்தபின் பேர் இழப்பதுபோல் சாதியை இழக்கச் சொன்னார், சாதிகளைச் சமன் செய்யச் சொல்லவில்லை. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் எடுத்ததும் விலகுகிற முடிவுதான். பௌதிகம் கற்பித்த லட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தைப் பற்றி எழுதிய நூலை 1948இல் அம்பேத்கர் மறுபதிப்புக் கொண்டுவந்தார் என்பதையும் தம்பிகள் நினைவில் வைக்கட்டும். நம் மதராஸிலேயே ரகசியம் இல்லாத, கேள்வி கேட்கிற பௌத்தம் ஒன்று இருந்தது.

கரிக்கதை இன்னும் முடியவில்லை. ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் படிகிறது என்று வழக்கு நடந்து, 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. நியாயமான தீர்ப்பு. கரி என்னவானது? எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எங்க நைனா இருந்திருந்தால் கை தட்டியிருப்பார், பிறகு எண்ணூரில் இருக்கிற தங்கச்சி வீட்டை நினைத்துக் கையை இறக்கியிருப்பார். அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்கள். 1970இல் தொடங்கி 2017இல் மூடியது ஒன்று, 1994இலிருந்து ஓடுவது ஒன்று, 2012இல் வல்லூரில் வந்தது ஒன்று. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல். வாஸ்துப்படி வடக்கு குபேரனுடைய திசை. சென்னைக்கு வடக்கே குபேரன் என்ன வைத்திருக்கிறான் என்று வந்து பார்க்கட்டும்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளினார்கள், கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மறுபடி கையால் அள்ளினார்கள். அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்தக் குப்பங்களில் நம்மைச் சேரி என்று எட்ட நிறுத்தியவர்களும் உண்டு. அதையும் மறக்கவில்லை. ஆனால் வாளி பிடித்த கை எந்தக் கை, வலங்கையா இடங்கையா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஒரு பெரிய மனுஷர், 'இயற்கை தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும், பொறுமையாக இருங்கள்' என்று எங்கள் தெருவிலும் வந்து சொல்லிவிட்டுப் போனார். எண்ணூரிலிருந்து வந்திருந்த என் அத்தை கேட்டுக்கொண்டிருந்தது. 'எப்போ செய்யுமாம்?' என்றது. அவருக்குக் காது கேட்கவில்லையோ என்னமோ, காரில் ஏறிவிட்டார்.

வாசிப்பு வட்டம் அடுத்த மாதமும் கூடுகிறது. அந்தத் தம்பியே பேசுகிறார், தலைப்பு மூச்சுப் பயிற்சி. எண்ணூர்க் காற்றில் எந்த நாசியால் முதலில் இழுப்பது என்று கேட்க அத்தையைக் கூட்டிப்போகிறேன். டீக்கார அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.